முதலுக்கு எந்த ஊர்?

பத்திரிகைகள் ‘முதலீடு’ என்று எழுதுவதைப் பாலாற்றுப் பக்கத்துத் தோல் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் பேச்சில் ‘முதல் போடுவது’ என்பார்கள். கையில் இருப்பது கைமுதல். கப்பலேறிய சரக்கை வாங்கியவன் கழித்துவிட்டால் முதலுக்கே மோசம். வட்டியும் லாபமும் வந்துபோகும். முதல் நிற்க வேண்டும்.

அதே ஊர்களின் உருது பேசும் வணிகர்களுக்கு அது ‘சர்மாயா’. பாரசீகத்தில் ‘சர்’ என்றால் தலை. ஆங்கிலத்தின் ‘கேப்பிடல்’ பிறந்ததும் தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து. தமிழோ அடியைப் பிடித்தது. ‘முதல்’ என்ற சொல்லுக்குத் தொடக்கம் என்பதோடு அடி, வேர் என்ற பொருள்களும் அகராதியில் உண்டு. இலக்கணக்காரருக்கு மரம் முதல், கிளை சினை. வடமொழி வழி வந்த மூலதனத்தின் ‘மூல’மும் வேர்தான். சீனரும் இங்கே நம் பக்கம்: மூலதனத்தைக் குறிக்கும் அவர்கள் சொல்லில் ‘பென்’ என்றோர் எழுத்து வரும், மரத்தை வரைந்து அதன் அடியில் ஒரு கோடிட்டு வேரைக் காட்டும் எழுத்து அது.

வணிகப் பொருளில் இந்தச் சொல் பழையது. குறள் 449 முதலையும் ஊதியத்தையும் எதிரெதிரே வைக்கிறது. 463 இன்னும் கறார்: வரப்போகும் ஆக்கத்தை நம்பி இருக்கும் முதலை இழக்கிற காரியத்தில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் திருச்செந்தூர்க் கோயிலுக்கு 1,400 பொற்காசு வைத்தான். காசு பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கல்வெட்டின் நிபந்தனை எளியது: முதல் கெடக்கூடாது, அதன் பொலிசையான நெல் மட்டும் கோயிலுக்கு வரவேண்டும். பொலிசை என்ற அழகான சொல்லைத் தொலைத்துவிட்டு வட்டியை வைத்துக்கொண்டோம்.

முதலோடு ஒட்டிய ‘ஈடு’ எளிய சேர்க்கை. இடு என்ற வினை நீண்டு ஈடு ஆனது, கெடு கேடானதுபோல. ஒப்பீடு, காப்பீடு, இழப்பீடு எல்லாம் இதே அச்சு. முதலை ஆள்பவர் முதலாளி. அவர் கடல் தாண்டியதற்குச் சிங்களமே சாட்சி: அங்கே கடைக்காரருக்கும் சிறு வணிகருக்கும் ‘முதலாளி’ என்றே பெயர். பர்மாவுக்குச் சொல்லோடு முதலும் போனது. நகரத்தார் அங்கே போட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று 1930 வாக்கில் பர்மா வங்கி விசாரணைக் குழு கணித்தது. உலகப் போரும் பர்மாவின் விடுதலையும் அதில் பெரும்பகுதியை விழுங்கின. வள்ளுவரின் 463 அவர்களுக்குத் தெரியாததல்ல.

சுதந்திர இந்தியா வெளியே முதல் போட நெடுங்காலம் தயங்கியது. முதல் முயற்சி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1950களின் இறுதியில் பிர்லா குழுமம் எத்தியோப்பியாவில் நிறுவிய துணி ஆலை. 1975இல் அந்நாட்டு ராணுவ அரசு பெரிய ஆலைகளை நாட்டுடைமை ஆக்கியது. ஒரு நிறுவனம் தன் நிகர மதிப்பு அளவுக்கு வெளிநாட்டில் போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2004இல்தான். 2007இல் அது நான்கு மடங்கானது. சீனா இதற்கு முன்பே ‘வெளியே போ’ என்பதையே கொள்கையின் பெயராக வைத்துவிட்டது. நம்மவர்கள் தத்தம் நிறுவனக் கணக்குப் பார்த்துப் போனார்கள். அங்கே அரசும் அரசு வங்கிகளும் பின்னால் நின்று தள்ளின. 2016இல் சீனாவிலிருந்து வெளியேறிய நேரடி முதலீடு சுமார் 19,600 கோடி டாலர்; இந்தியாவிலிருந்து போனது 500 கோடி அளவு.

தோலில் இந்த இரு வழிகளும் எதிர்ப்பட்ட இடமும் எத்தியோப்பியாதான். பாலாற்றங்கரைக்காரருக்கு அந்தக் கதை புதிதாக இராது. 1973இல் இந்திய அரசு, அரைப்பதம் செய்த தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குக் கோட்டாவும் வரியும் விதித்தது. அதுவரை ‘ஈ.ஐ.’ என்ற பெயரில், கிழக்கிந்தியா என்பதன் சுருக்கமாக, லண்டனுக்குக் கட்டுக்கட்டாகப் போன தோல் முழுப்பதம் கண்டது. பின்னர் ஷூவின் மேல்பாகமாகவும் முழு ஷூவாகவும் மாறியது. 2008இல் எத்தியோப்பியாவும் இதே வழியில் பதப்படுத்தாத தோலின் ஏற்றுமதிக்கு 150 சதவீத வரி போட்டது. தோல் வேண்டுமென்றால் அங்கேயே வந்து முதல் போடு என்பது அதன் பொருள். தோங்குவானின் ஹுவாஜியன் நிறுவனம் 2012 தொடக்கத்தில் அடிஸ் அபாபா அருகே ஷூ தைக்க ஆரம்பித்தது. இந்தியா தன் பங்குக்குச் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வல்லுநர்களை அனுப்பி அந்நாட்டுத் தோல் நிறுவனத்துக்குப் பயிற்சி கொடுத்தது. வேலை தெரிந்தவரை அனுப்புவதை எந்தக் கணக்கும் முதலீட்டில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பெயரில்தான் சிக்கல். உள்ளே வரும் பணத்துக்கு ‘அந்நிய நேரடி முதலீடு’ என்று தமிழில் பெயர் நிலைத்துவிட்டது. வெளியே போவதற்கு அப்படி ஒரு பெயர் அமையவில்லை. ‘வெளிநாட்டு முதலீடு’ என்றால் வெளிநாட்டார் போட்டதா, வெளிநாட்டில் போட்டதா என்று தலைப்பைத் தாண்டிச் செய்தியைப் படித்தால்தான் புரியும். எத்தியோப்பியச் செய்தித்தாளுக்கு, அங்கே முதல் போடும் தமிழரும் அந்நியரே.

ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கம் சிப்காட் இந்தச் சிக்கலை முற்றவைத்திருக்கிறது. தைவானின் ஹாங் ஃபூ 1,500 கோடி ரூபாயில் அங்கே காலணி ஆலை அமைக்க வந்திருக்கிறது. அதுவும் தோல் அல்லாத காலணிக்கு, தோல் ஊர்களின் வாசலில். அதை அந்நிய முதலீடு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அதே பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே தயாராகும் என்பது அப்போதைய அறிவிப்பு. அந்த பிரிட்டிஷ் நிறுவனத்தை டாடா வாங்கியது 2008இல், 230 கோடி டாலருக்கு. இந்தியாவிலிருந்து வெளியே போன முதல்களில் பேர்பெற்றது அது. இப்போது அந்தக் கார் பனப்பாக்கம் வருவதை உள்ளூர் முதல் என்பதா, அந்நிய முதல் என்பதா, போய்த் திரும்பிய முதல் என்பதா? தோல் மண்டிக்காரரைக் கேட்டால் ‘வெளியே போட்ட முதல்’ என்று முடித்துவிடுவார். கலைச்சொல் செய்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.