கையறுநிலை முதல் கண்ணீர் அஞ்சலி வரை: ஸ்ரீராம்புரத் தமிழரும் இரங்கல் எழுத்தும்

முன்னுரை

உற்றார் ஒருவர் இறந்தபின் அவரைப் பற்றிச் சில வரிகள் எழுதும் பொறுப்பு எக்குடும்பத்திற்கும் என்றேனும் வந்து சேர்கிறது. எழுத்து எதனையும் விட்டுச் செல்லாதவர்க்கு அவ்வரிகளே பெரும்பாலும் எஞ்சும் ஆவணமாகும். ஆதலின் அவற்றுள் எது இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது என்பது வரலாற்றிற்குரிய வினாவாகும். பெங்களூர் ஸ்ரீராம்புரத் தமிழரை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்க மரபு

இறந்தோர்க்காக இருந்தோர் வருந்திப் பாடுவது கையறுநிலை. தொல்காப்பியம் இதனைக் காஞ்சித்திணையுள் அமைக்கிறது. புறநானூற்றுப் பாடல்களின் பழங்குறிப்புகள் பொதுவியலுள் சேர்க்கின்றன. அதியமானுக்காக ஒளவையார் பாடியது (புறம். 235) புரவலனை இழந்த புலவரின் குரல். பாரி மகளிர் பாடலோ (புறம். 112) தந்தையை இழந்த மக்களின் குரல். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவியை இழந்து பாடியுள்ளான் (புறம். 245). எனவே உறவினரே எழுதும் இரங்கலுரை அச்சுக்காலத்தில் தோன்றிய புதுமையன்று. எனினும் அச்சேரமான் தேவியின் இயற்பெயரைப் பாடலும் குறிப்பும் தரவில்லை. பெருங்கோப்பெண்டு என்னும் சிறப்புப் பெயரே கிடைக்கிறது. பாரியின் மகளிரும் தந்தை பெயராலேயே சுட்டப்படுகின்றனர்.

பேகூர் நடுகல்

பெங்களூருக்கும் இத்தகைய எழுத்திற்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. நகரின் தென்பகுதியிலுள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில் ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பெங்களூரில் நடந்த போரில் மாண்டவரை அது நினைவுகூர்கிறது. இந்நகரின் பெயரை முதன்முதலில் வழங்கும் சான்றாக அறியப்படுவது இக்கல்லே. ஒருவரது இறப்பைப் பதிந்ததால் ஓர் ஊரின் பெயரும் நிலைபெற்றது.

ஸ்ரீராம்புரம்

மல்லேசுவரத்தை அடுத்துள்ள ஸ்ரீராம்புரம் தமிழர் தலைமுறைகளாகச் செறிந்து வாழும் பகுதி. ஆலைத் தொழிலாளர் பலர் குடியிருந்த இடம். 1884-இல் நிறுவப்பட்டுப் பின்னி ஆலை எனப் பெயர்பெற்ற பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலையும் மினர்வா, மகாராஜா முதலிய பிற ஆலைகளும் தமிழகத்திலிருந்து வந்த பலருக்கு வாழ்வளித்தன. அவ்வாலைகள் மூடப்பட்ட பின்னர், அங்கு உழைத்தோரின் நினைவே அவ்வாழ்வின் சான்றாக எஞ்சியது.

இத்தகைய குடும்பங்களில் இறந்தோரைப் பற்றிய எழுத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்னும் சுவரொட்டியாகவோ நாளிதழ் அறிவிப்பாகவோ அமைவது தமிழர் பொதுவழக்கு. நிழற்படம், தோற்றமும் மறைவும் நிகழ்ந்த நாள்கள், இரங்குவோர் பெயர்ப்பட்டியல் என்பன அதன் உறுப்புகள். அரசியின் பெயரையும் காவாத பழைய மரபினும் இது ஒருவகையில் மேம்பட்டது. ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கும் தன் பெயர் அச்சில் கிடைக்கிறது. ஆயின் நடுகல் தவறாது கூறிய செய்தியை இது கூறுவதில்லை. நடுகல் ஒருவர் செய்த செயலைக் கூறும். இதிலோ அலுவலர்க்கும் ஆசிரியர்க்கும் பதவி குறிக்கப்படுவதுண்டு; தறியில் நின்றவர்க்கும் வீட்டுவேலை செய்தவர்க்கும் தொழில் குறிக்கப்படுவது அரிது. எவ்வூரிலிருந்து எப்போது குடிபெயர்ந்தனர் என்பதும் விடுபடுகிறது. தாளும் மழைக்கு நில்லாது.

யாழ்ப்பாண ஒப்பீடு

இக்குறையை நிரப்பும் மரபு யாழ்ப்பாணத்தில் உண்டு. இறந்த முப்பத்தோராம் நாள் வழங்கப்பெறும் நினைவு நூல் அங்குக் ‘கல்வெட்டு’ எனப்படும். ஊர், மரபுவழி, வாழ்க்கை வரலாறு, இரங்கற்பாக்கள் ஆகியன அதில் இடம்பெறும். கல்லில் பொறித்ததன் பெயரைத் தாளில் அச்சிட்டதற்குச் சூட்டியமை கருதத்தக்கது. 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் தொகுத்து வருகிறது. குடும்பத்தின் துயர எழுத்து ஆய்வாளர்க்குச் சமூக வரலாற்று ஆவணமாகப் பயன்படுதற்கு இது சான்று.

முடிவுரை

இரங்கல் எழுத்தில் பெயர், உறவு, ஊர், உழைப்பு என்னும் நான்கும் அமைதல் வேண்டும். முதலிரண்டையும் இன்றைய அறிவிப்பு காத்துவருகிறது. பிறந்த ஊரையும் செய்த தொழிலையும் குறிக்க இன்னும் இரண்டு வரிகள் போதும். அவ்விரு வரிகளைக் குடும்பத்தார் எழுதுவதும், அவ்வறிவிப்புகளைத் தமிழ்த்துறைகள் தொகுத்துப் பேணுவதும், ஏடுகளில் இடம்பெறாத புலம்பெயர் உழைப்பாளரின் வரலாற்றிற்கு அடிப்படையாகும்.