மணிக்கட்டுக்கு வந்த மணிக்கூடு



கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பற்றிப் பேசுவர். சற்று விடயம் அறிந்தவர்கள் உள்ளே ஓடும் பொறியைப் பற்றிப் பேசுவர். அதைக் கையோடு பிணைத்து வைத்திருக்கும் பட்டியைப் பற்றிப் பேசுவோர் மிக அரியர். அறுந்தால் மாற்றிக்கொள்ளும் ஒரு துண்டுத் தோல் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. ஆயினும் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால், சட்டைப் பையில் கிடந்த மணிக்கூட்டை மணிக்கட்டுக்குக் கொண்டு வந்தது பொறியன்று, பட்டியே என்பது புலனாகும். அந்தப் பட்டியின் கதையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

காலத்தை அளப்பதற்கும் படை நடத்துவதற்கும் உள்ள உறவு பழையது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலே, பாசறையில் தங்கியிருக்கும் அரசனுக்கு நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கரை நாம் காண்கின்றோம். அங்கே காலம் அளப்பது அதற்கென அமைந்த சிலரின் தொழில். அரசன் கேட்டறிவான், வீரன் அரசனின் கட்டளையால் அறிவான். ஒவ்வொரு வீரனும் தனக்குரிய காலத்தைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு போர்க்களம் புகும் நிலை வருவதற்கு உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன்னரே பெண்கள் கையில் மணிக்கூடு ஏறிவிட்டது. நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டின் அரசியுமாகிய கரோலின் மூரா, 1810 இல் பாரிஸ் நகரத்து ஆபிரகாம் லூயி பிரெகே என்னும் பெருங் கலைஞரிடம் கையிலே அணியத்தக்க மணிக்கூடு ஒன்றைச் செய்து தருமாறு கேட்டார். 1812 இல் அது நிறைவுற்றது. கைக்கென்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டவற்றுள் பதிவேடுகளால் நாம் அறியக்கூடிய மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அதன் பட்டி எதனால் ஆனது தெரியுமா? தலைமயிரோடு பொன்னிழை சேர்த்துப் பின்னப்பட்டது. 1849 இல் அதே மணிக்கூட்டைத் திருத்துவதற்கு எடுத்து வந்தவர் அந்த அரசியின் மகள். தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு அது வந்துவிட்டது. இன்று அந்த மணிக்கூடு எங்கே உள்ளதென்று எவருக்கும் தெரியாது. பிரெகேயின் பழைய பேரேடுகளில் அதன் குறிப்புகள் மட்டுமே எஞ்சியுள்ளன. பொன்னும் பொறியும் மறைந்து போக, மயிரிழைப் பட்டியைப் பற்றிய ஒரு வரி நிலைத்திருப்பதை எண்ணும்போது வியப்பாகவே உள்ளது.

ஆனால் ஆடவர் இதனை நெடுங்காலம் ஏற்கவில்லை. கையில் அணிவது வளையலுக்குச் சமம், அது பெண்களுக்கு உரியது என்று எள்ளினர். ஆண்மகன் என்றால் சட்டைப் பையிலிருந்து சங்கிலியை இழுத்து, மூடியைத் திறந்து, நேரம் பார்த்து, மீண்டும் மூடி வைக்க வேண்டும். அதற்கு இரண்டு கைகளும் ஓய்வாக இருக்க வேண்டும் என்பதை எவரும் கருதவில்லை.

அந்த ஓய்வைப் போர் பறித்தது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடைபெற்ற போயர் யுத்தத்தில், ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் துப்பாக்கியுமாக நின்ற பிரித்தானிய வீரருக்குப் பையைத் துழாவ நேரம் இருக்கவில்லை. கிண்ணம் போலத் தைத்த தோலுறை ஒன்றில் தம் பை மணிக்கூட்டை வைத்து, அதை வாரினால் கையிலே கட்டிக்கொண்டனர். மணிக்கூடு பழையதுதான், பட்டிதான் புதியது. ஏளனத்துக்கு உரியதாக இருந்த ஒன்று அப்போதுதான் படைக்கலங்களின் வரிசையில் சேர்ந்தது. அந்த யுத்தம் எமது நாட்டையும் தொட்டது. 1900 இல் சிறைப்பட்ட போயர்கள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு எமது தியத்தலாவையிலே அடைத்து வைக்கப்பட்டனர். ஏறத்தாழ 5,000 பேர் அக்குளிர்ந்த மலைச் சாரலில் நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தனர்.

யுத்தம் ஒரு புறமிருக்க, வானத்திலும் இதே தேவை எழுந்தது. பாரிஸில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான அல்பேர்ட்டோ சாந்தோஸ் துமோன், பறக்கும் கலங்களைச் செலுத்தும்போது பையிலிருந்து மணிக்கூட்டை எடுக்க இயலவில்லை என்று தம் நண்பர் லூயி கார்ட்டியேயிடம் முறையிட்டார். 1904 இல் கார்ட்டியே அவருக்கு ஒரு கைக்கடிகாரத்தை அமைத்துக் கொடுத்தார். 1911 இல் அது விற்பனைக்கும் வந்தது. இதன் சிறப்பு யாதெனில், பட்டியைப் பற்றிப் பிடிக்கும் கொம்புகள் மணிக்கூட்டின் உடலோடு ஒன்றாகவே அமைந்திருந்தன. மணிக்கூடும் பட்டியும் ஓருடலாக எண்ணப்பட்ட வேளை அதுவே எனலாம்.

1914 இல் மூண்ட முதலாம் உலக யுத்தம் மீதி வேலையைச் செய்து முடித்தது. பீரங்கிகள் முன்னே குண்டுமாரி பொழிய, காலாட்படை பின்னே நகர வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் தம் குண்டுக்கே இரையாவர். ஒரு நிமிடம் பிந்தினால் பகைவர் எழுந்துவிடுவர். ஆகவே அதிகாரிகள் யாவரும் தம் மணிக்கூடுகளை ஒன்றோடொன்று சரிபார்த்துக் கட்டிக்கொண்டனர். 1916 யூலை 1 ஆம் திகதி காலை 7.30 மணிக்கு, சோம் நதிக்கரைப் பதுங்கு குழிகளில் கைக்கடிகாரங்களைப் பார்த்திருந்த அதிகாரிகள் ஊதலை ஊதினர். படை எழுந்தது. அன்றைய ஒரு நாளில் மட்டும் பிரித்தானியத் தரப்பில் 19,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கைக்கடிகாரம் ஆடவர் உலகில் நிலைபெற்றது இத்தகைய காலைப் பொழுதுகளால்தான் என்பதை மறத்தல் ஆகாது.

இருளில் நேரம் பார்ப்பதற்காக எண்களின்மீது ரேடியம் கலந்த சாயம் பூசப்பட்டதும் அக்காலத்திலேயே. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஒரேஞ்ச் நகரிலும் பிறவிடங்களிலும் இளம் பெண்கள் இத்தொழிலில் அமர்த்தப்பட்டனர். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தாடையெலும்பு உளுத்து, உடல் நலிந்து பலர் மாண்டனர். கிரேஸ் பிரையர் என்னும் பெண்ணும் மேலும் நால்வரும் 1927 இல் நீதிமன்றம் சென்றனர். 1928 இல் இழப்பீடு பெற்றனர். பழைய மணிக்கூடு வாங்குவோருக்கு இதனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் செல்லும். ஒளி மங்கிவிட்டது என்பதால் நஞ்சு நீங்கிவிட்டது என்று பொருளன்று. அத்தகைய மணிக்கூட்டைத் திறந்து எண்களைச் சுரண்டுதல் கூடாது.

இனிப் பட்டிக்கு மீள்வோம். தொடக்கத்தில் மணிக்கூட்டின் இருபுறத்திலும் கம்பி வளையங்களை ஒட்டிவிட்டிருந்தனர். பின்னர் வந்ததே வில்லூசி. சிறு குழாய்க்குள் ஒரு சுருள்வில், இரு முனையிலும் இரண்டு ஊசிகள். அழுத்தினால் உட்செல்லும், விட்டால் கொம்பின் துளையில் போய் அமரும். பார்வைக்கு அற்பமான இந்தப் பொருள்தான், பட்டியை எவரும் நொடியில் மாற்றலாம் என்ற நிலையை உண்டாக்கியது. ஒரே மணிக்கூடு பல உடை உடுத்தத் தொடங்கியது.

அண்மையில் சுவிற்சர்லாந்தில் செய்யப்பட்ட, தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய மணிக்கூடு ஒன்று எனக்குக் கிடைத்தது. மணிக்கூடு திருத்துபவர் ஒருவரின் கண்ணாடிப் பெட்டிக்குள் எவரும் தேடாமற் கிடந்தது. கொம்புகளுக்கிடையே 18 மில்லிமீற்றர் அகலம். அன்று தொடங்கிய ஆசை இன்னும் அடங்கவில்லை. கபில நிறத் தோற்பட்டியைப் போட்டால் அது வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போகும் பெரியவர்போல் ஆகிவிடுகிறது. கறுப்புப் பட்டியைப் போட்டால் கந்தோர் உத்தியோகத்தர். உருக்குச் சங்கிலியைப் போட்டால் கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன். ஆனால் அது கைமயிரைப் பிடுங்குகிறது. எமது வெக்கையில் தோல் வியர்வை குடித்து நாறும். எனவே பாடசாலை நாட்களில் சாம்பல் நிற நைலோன் பட்டிதான். “சேர், இது புது மணிக்கூடா?” என்று மாணவர் ஒரே மாதத்தில் மூன்று முறை கேட்டுவிட்டனர். மூன்று முறையும் மணிக்கூடு ஒன்றே.

அந்த நைலோன் பட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1973 இல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு தன் படையினருக்கென வகுத்த நியமத்திலிருந்து பிறந்தது அது. ஒரே துண்டாக இரண்டு வில்லூசிகளின் கீழும் நுழைந்து செல்வதால், ஓர் ஊசி முறிந்தாலும் மணிக்கூடு கீழே விழாது. சந்திரனுக்கும் பட்டி சென்றது. 1969 யூலையில் அங்கு இறங்கிய எட்வின் ஓல்ட்ரின், தடித்த விண்ணுடையின் மேலே ஒட்டுப் பட்டியால் ஒமேகா கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தார். பூமிக்கு மீண்ட அந்த மணிக்கூடு பின்னர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டபோது வழியில் காணாமற் போயிற்று.

அதே 1969 டிசம்பர் 25 ஆம் திகதி யப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மலிவும் துல்லியமும் சேர்ந்துகொள்ள, சுவிற்சர்லாந்தில் மணிக்கூட்டுத் தொழிலை நம்பியிருந்தோரில் பெரும்பாலானோர் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வேலையிழந்தனர். சாவி கொடுக்கும் மணிக்கூடுகள் மேசை லாச்சிக்குள் புகுந்தன. கைமாறிய பொருளுக்கு இன்றுள்ள மோகம் இதற்குப் பின்னரே வளர்ந்தது. நடிகர் போல் நியூமனுக்கு அவரது மனைவி பரிசளித்த ரொலெக்ஸ் ஒன்று உண்டு. காரோட்டப் பந்தயப் பிரியரான கணவனைக் கவனமாக ஓட்டுமாறு வேண்டி அதன் முதுகில் எழுத்துப் பொறித்திருந்தார் அந்த அம்மையார். நியூமன் அதை 1984 இல் மகளின் நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். 2017 ஒக்டோபரில் நியூ யோர்க் ஏலத்தில் அது 1 கோடி 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அந்த விலையில் எஃகின் பெறுமதி எவ்வளவு, மனைவியின் கவலையின் பெறுமதி எவ்வளவு என்று நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் எமது நாட்டையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இடப்பெயர்வுகளின்போது வீடும் தளபாடமும் புத்தகங்களும் பின்னே நின்றுவிட்டன. கையிலே கட்டியிருந்தது மட்டும் கையோடு வந்தது. காலப்போக்கில் ஒரு மூட்டை அரிசிக்காக, ஒரு பிள்ளையின் பயணச் செலவுக்காக அதுவும் கழற்றப்பட்டிருக்கும். ஆகவே எமது ஊர்க் கடையொன்றில் பழைய மணிக்கூட்டைக் காணும்போது, மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதோடு நில்லாமல், இதைக் கழற்றிய கை எதுவோ என்றும் ஒரு கணம் எண்ணுதல் தகும்.

பழைய தோற்பட்டிகளை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். எத்தனை துளைகள் இருந்தாலும் ஒன்றே அகன்றிருக்கும். அணிந்தவரின் கைப் பருமன் அதுவே. சில பட்டிகளில் அகன்ற துளைக்கு அப்பால் இன்னொன்றும் சற்று அகன்றிருக்கும். நோயினாலோ முதுமையினாலோ கை மெலிந்திருக்கிறது. பொறி எவருக்கும் பொதுவாக ஓடும். பட்டியோ ஒருவருக்கு மட்டுமே உரியதாய் அவரது வியர்வையில் ஊறி, அவரோடு தேய்ந்து ஒழியும். வாங்கியவர் முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான். புதிய பட்டியைக் கோக்கும் அந்தச் சிறு செயலினால் மணிக்கூடு மற்றொருவருடையது ஆகின்றது. அது தவறன்று, உலக இயல்பு. நாமும் நம் கைக்கேற்ற துளையை அகட்டிக்கொண்டுதான் இருக்கின்றோம். அலுமாரிக்குள் தந்தையாரின் மணிக்கூடு கிடக்கப் பெற்றவர்கள் அதற்கு ஒரு புதிய பட்டியை வாங்கிக் கொடுங்கள். பழைய பட்டியை மட்டும் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள்.