கடன் கட்டிய கூட்டமும் சந்தா கட்டிய கூட்டமும்

மலையகம் என்றதும் நுவரெலியாவும் ஹட்டனுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அங்கே தேயிலையோடு இறப்பரும் உண்டு. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளில் ஒன்றுகூட இந்த மாகாணத்தில் இல்லை. ஆள்பலம் இல்லாத இடத்தில் ஒரு சமூகம் எதனால் நிலைக்கிறது? பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்கு, இந்தக் கேள்விக்கு விடை தேட ஏற்ற இடம் இதுவே எனத் தோன்றுகிறது.

தோட்டத்து மக்களை முதலில் ஒன்றாகக் கட்டியது கடன். தமிழகத்து ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டியவர் கங்காணி. அந்தப் பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நின்றது. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் இம்முறையை ஒழித்தது. ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே பெரட்டில் நின்றாலும், கடனால் சேர்ந்தது கங்காணியின் கூட்டமே. மக்களின் கூட்டம் அன்று.

அதே லயங்களில் வேறொரு கட்டும் வளர்ந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து வரும். காமன் நடுவதும், ரதி மதன் வேடம் கட்டுவதும், வீட்டுக்கு வீடு வரி திரட்டுவதுமாகப் பலருக்கும் ஒரு வேலை உண்டு. ஆடுபவர், பார்ப்பவர் என்ற பிரிவு அங்கே மெல்லியது. தப்பு அடிப்பது யார் என்பதில் சாதி புகுந்திருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தன் உழைப்பைச் சிறிதேனும் இட்டவன் அதைத் தன்னுடையதாகக் கருதினான். துரையின் ஆணையின்றி ஒன்றுகூடவும் கற்றான்.

அந்தப் பழக்கமே தொழிற்சங்கத்துக்கு நிலம் பண்படுத்தியது என்பது என் கருத்து. 1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரசும், அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கமும் தோன்றின. தோட்டத் தலைவர் வெளியூர்க்காரர் அல்லர், தொழிலாளருள் ஒருவர். லயம் லயமாகச் சென்று சந்தா வாங்கும்போதே குறைகளையும் கேட்டார். கடன்பட்டவனுக்கு இல்லாத ஓர் உரிமை சந்தா கொடுத்தவனுக்குக் கிடைத்தது: கேள்வி கேட்கும் உரிமை.

1946இல் சோதனை வந்தது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, கிராம விரிவாக்கத்துக்கென அரசு கையகப்படுத்தித் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். அவர்களுக்காகத் தொலைவிலுள்ள தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. முகமறியாதவருக்காக நாட்கூலியை இழக்கத் துணிந்த அன்று, கூட்டம் சமூகமாயிற்று.

அடுத்து, ‘நீ இந்நாட்டவனா?’ என்ற கேள்வி எழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் வாக்குரிமையைப் பறித்தன. ருவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கக் கோரி கொடகன் பிள்ளை தொடுத்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. அரசின் ஏட்டில் பெயரில்லாதவர்களின் பெயர் சங்கத்தின் ஏட்டில் மட்டும் இருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு என ஒதுக்கியது. 1977இலும் 1981இலும் இரத்தினபுரித் தோட்டங்களில் நடந்த வன்முறை, பலரை வடக்கு நோக்கி ஓடச் செய்தது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இத்தனைக்கும் பின் மிஞ்சும் பாடங்கள் எளியவை. கடனும் அச்சமும் கட்டிய கூட்டம், கட்டியவனோடு போகும். சிறு பங்களிப்பும், கேட்கும் காதும், தம்முள் ஒருவரான தலைவரும் கட்டியது, சட்டம் கைவிட்ட பின்னும் நிற்கும். ஆனால் அதற்கும் தேய்மானம் உண்டு. சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை வந்தபின், தலைவர் லயத்துக்கு வரவேண்டிய தேவை குறைந்தது. பணம் தவறாமல் சேர்ந்தது, பேச்சு குறைந்தது. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தலைமையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உழைப்பவரின் குரல் கேட்காத இடத்தில் சந்தாவும் மெல்லக் கடனாகிவிடுகிறது. லயத்து வாசலுக்குச் சென்று குறை கேட்கும் பழைய வழக்கத்தைச் சங்கங்கள் மீட்க வேண்டும். இம்முறை பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும்.