மாமல்லபுரமும் பாதி விலையும்



நம் நுழைவாயில் மேடைக்கு ஒரு கருங்கல் பிள்ளையார் வாங்குவதென்று பொதுக்குழுவில் முடிவானது உங்களுக்குத் தெரியும். "மாமல்லபுரம் போங்க, சொன்ன விலையில பாதிக்குக் கேளுங்க" என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னீர்கள். அந்தப் பாதிக் கணக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் பழைய கதை பார்ப்போமே.

அர்ச்சுனன் தபசும் ஐந்து ரதங்களும் பல்லவர் காலத்தவை. அவற்றைச் செதுக்கியவர்கள் கடை விரித்து விற்கவில்லை. அரசர் ஆணையிட்டார், பாறையிலேயே வேலை நடந்தது. இன்று அந்த ஊரில் கேட்கும் உளிச்சத்தம் அன்று முதல் விடாமல் கேட்டு வருவதாக நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. 1957-ல் அரசு அங்கே சிற்பப் பயிற்சி மையம் தொடங்கிய பிறகுதான் இன்றைய தொழில் தழைத்தது. கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி, நீண்ட காலம் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்.

கோயில் திருப்பணியை மட்டும் நம்பி எல்லோரும் பிழைக்க முடியுமா? கடற்கரைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் பெட்டியில் வைத்துப் போகும் அளவில் சின்னச் சிலைகள் கேட்டார்கள். பட்டறை வாசல் கடையானது. 1984-ல் ஊரின் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கூட்டம் கூடியது, ஆள் கூட்டி வருபவரின் கமிஷனும் வந்தது. கமிஷனுக்காக விலை ஏறும். ஏற்றிச் சொல்கிறார் என்று நாம் பாதிக்குக் கேட்போம். பாதிக்குக் கேட்பார்கள் என்று அவர் இன்னும் ஏற்றுவார். இந்த ஆட்டத்துக்கு வயது சில பத்தாண்டுகள்தான்.

நானும் ஆடியிருக்கிறேன். மூன்று வருடம் முன்பு 1,200 ரூபாய் சொன்ன மாக்கல் யானையை 500-க்கு முடித்துவிட்டு, பெருமையாக, "எத்தனை நாள் வேலைங்க?" என்று கேட்டேன். தலையெல்லாம் கல்தூளோடு உட்கார்ந்திருந்தவர், "ரெண்டு நாள் சார்" என்றார். காரில் ஏறிய பிறகுதான் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 250 ரூபாய். கல்லின் விலையும் கடை வாடகையும் அதற்குள்ளேயே.

அதற்காகப் பேரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொருள் தெரிந்து பேசுங்கள். மாக்கல் மென்மையானது, நகம் பட்டாலே கீறும்; கருங்கல்லில் கத்தியும் ஏறாது, உளியை அடிக்கடி உலையில் காய்ச்சித் தீட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே விலை கேட்பது நியாயமில்லை. ஒரே மாதிரி பத்து சிலைகள், ஓரத்தில் அச்சுக்கோடு என்றால், அது கல்தூளும் பிசினும் கலந்து வார்த்தது. அங்கே தாராளமாகப் பேரம் பேசலாம். விலை நிலவரம் தெரிய முதலில் பூம்புகார் கடையில் ஒரு நடை பார்த்துவிடுங்கள். 1973-ல் உருவான அரசுக் கழகத்தின் கடை அது.

நம் பிள்ளையாருக்குக் கமிட்டி நேராகப் பட்டறைக்கே போகிறது, நடுவில் யாரும் இல்லாமல். உயரம், கல், எத்தனை நாள் என்று கேட்டு, அதை வைத்துத்தான் விலை பேசப்போகிறோம். வேனில் நான்கு இடம் காலி. வர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். மதியச் சாப்பாடு அவரவர் செலவு.