பெட்டிப் பிளேடு

டிராக்டரின் பின்புறம் மாட்டி மண்ணைச் சுரண்டவும் இழுத்துச் செல்லவும் பரப்பவும் பயன்படும் கருவி. இரண்டு பக்கத் தகடுகளும் ஒரு பின்சுவரும் கொண்ட, முன்னும் அடியும் திறந்த இரும்புப் பெட்டி இது. பின்சுவரின் அடியில் இரண்டு வெட்டுத்தகடுகள் உண்டு. ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் இருக்கும். அவற்றுக்கு முன்னால், துளையும் ஊசியும் கொண்டு ஏற்றி இறக்கத்தக்க கீறுபற்கள் வரிசையாக நிற்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணைவீட்டுச் சரளைப் பாதைகளைப் பராமரிக்க இதுவே வழக்கமான கருவி. கலிபோர்னியாவில் பலர் இதைக் ‘கேனன்’ என்றே சொல்வார்கள். ஒரு தயாரிப்பாளரின் பெயர் கருவிக்கே பெயராகிவிட்டது. தமிழ்நாட்டு டிராக்டர்களில் பெட்டியில்லாத பின்பிளேடும் முன்னால் பூட்டும் டோசரும்தான் கூடுதலாகக் கண்ணில் படும்.

இதன் மூதாதையைக் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் தேடவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பாசனக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. மணற்பாங்கான மேடுகளைச் சமன் செய்யாமல் தண்ணீர் பாயாது. அப்போது புழக்கத்தில் இருந்த சுரண்டிகள் மண்ணை முன்னால் தள்ளிக்கொண்டு போயின. குதிரைகளின் வலிமையில் பெரும்பகுதி உராய்விலேயே கரைந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஃப்ரெஸ்னோ நகரில் வண்டிப் பட்டறை நடத்திய ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883இல் வேறொரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். வளைந்த தொட்டி ஒன்றின் கீழுதட்டில் வெட்டுத்தகடு. மண் சுருண்டு தொட்டிக்குள்ளேயே விழும். டூசி, மெக்கால், டீட்ரிக் ஆகியோரிடம் இருந்த காப்புரிமைகளையும் விலைக்கு வாங்கித் தம்முடையதோடு சேர்த்துக்கொண்டார். உருவான கருவிக்கு ஊரின் பெயரே நிலைத்தது: ஃப்ரெஸ்னோ சுரண்டி.

அதன் உயிர்நாடி தொட்டியின் பின்னால் நீண்ட ஒற்றைக் கைப்பிடி. குதிரைகளுக்குப் பின்னே நடந்துவரும் ஆள் அதைச் சற்றே உயர்த்தினால் தகடு மூக்கைத் தாழ்த்தி மண்ணில் இறங்கும். தொட்டி நிரம்பியதும் கைப்பிடியை அழுத்தினால் தகடு நிமிர, சுமை அடித்தளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கொட்டும் இடத்தில் கைப்பிடியை மேலே தூக்கிவிட்டால் தொட்டி முன்புறமாகக் கவிழும். அப்போதும் தகடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அந்தக் கனத்தில் மண் விரியும். ஒரே கோணம்தான், அதை ஒரு மனிதனின் கை கணத்துக்குக் கணம் மாற்றிக்கொண்டே இருந்தது. புதைந்த கல்லில் தகடு மோதினால் கைப்பிடி எகிறி ஆளைத் தூக்கி எறிவதும் உண்டு. பனாமா கால்வாய்ப் பணியிலும் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையிடமும் இக்கருவி இருந்தது. 1991இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1920களில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஆர். ஜி. லெட்டூர்னோ செய்த ராட்சதச் சுரண்டிகள் இவ்வழியில் பிறந்த பெரிய கிளை. பெட்டிப் பிளேடு சின்னக் கிளை.

சின்னக் கிளை தழைக்க டிராக்டரின் பின்புறம் மாற வேண்டியிருந்தது. தொடக்ககால டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தன. கொழு கல்லில் மாட்டினால் முன்சக்கரங்கள் எழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழும். அதில் உயிரிழந்தவர்கள் ஏராளம். அயர்லாந்தின் கவுண்டி டவுனில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் (1884–1960) கலப்பையை டிராக்டரின் உடலுறுப்பாகவே ஆக்கினார். கீழே இரண்டு கரங்கள் இழுக்கும். மேலே நடுவில் உள்ள ஒற்றைக் கரமான ‘டாப் லிங்க்’, உழும்போது முன்னோக்கித் தள்ளி முன்சக்கரங்களைத் தரையில் அழுத்தும். தூக்குவதும் இறக்குவதும் ஹைட்ராலிக். 1936இல் டேவிட் பிரவுனுடன் சேர்ந்து செய்த ஃபெர்குசன்–பிரவுன் டிராக்டரில் இது சந்தைக்கு வந்தது. 1938இல் ஹென்றி ஃபோர்டுடன் எழுத்தில்லாமல் கைகுலுக்கலிலேயே ஒப்பந்தம் முடிந்தது. மறுவருடம் ஃபோர்டு 9என் வெளியாயிற்று. அந்தக் கைகுலுக்கல் பின்னர் நீதிமன்றத்துக்குப் போய், 1952இல் 92.5 லட்சம் டாலரில் தீர்ந்தது தனிக்கதை. ஃபெர்குசனின் நிறுவனம் 1953இல் மாசி–ஹாரிஸுடன் இணைந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது; மூன்று கரங்கள் கொண்ட இந்த மும்முனை இணைப்பு தமிழக வயல்களுக்கு வந்த பாதைகளுள் அதுவும் ஒன்று.

மும்முனை இணைப்பு பரவியதும், பழைய சுரண்டியைச் சக்கரமோ கைப்பிடியோ இல்லாமல் வண்டியின் பின்னால் தொங்கவிட முடிந்தது. ஃப்ரெஸ்னோ ஆளின் கை செய்த வேலை டாப் லிங்கின் திருகுக்கு மாறியது. திருகைச் சுருக்கினால் பெட்டியின் மேற்பகுதி முன்னே சாய்ந்து, பற்களும் முன்தகடும் மண்ணைக் கடிக்கும். நீட்டினால் பெட்டியின் பின்புறம் தாழ்ந்து, பின்தகடு தரையைத் தடவி மெழுகும். புதிதாக ஓட்டுவோர் ஆழம் போதவில்லை என்று லீவரை இன்னும் கீழே தள்ளிப் பார்ப்பார்கள். பயனில்லை. இந்த இணைப்பு கருவியைத் தூக்குமே தவிர, கீழே அழுத்தாது. பெட்டி தன் எடையால் மட்டுமே மண்ணில் இறங்கும். இறுகிய தரையில் இலேசான பெட்டி வெறுமனே சறுக்கிப் போவது இதனால்தான். பற்களை ஓரிரு துளை இறக்கிக் கீறிவிட்டு, மறுசுற்றில் பற்களை மேலேற்றி அள்ளுவதே முறை. பற்கள் மண்ணுக்குள் இருக்கும்போது வண்டியைப் பின்னோக்கி ஓட்டினால் பல்லோ ஊசியோ போய்விடும்.

பக்கச் சாய்வுக்கு வலது தூக்குகரத்தில் இருக்கும் திருகு. ஒரு முனை தாழ்ந்தால் ஓரக்கால் வெட்டலாம். சரளைச் சாலைக்கு நடுவில் முதுகு கட்டவும் அதே திருகுதான். அமெரிக்காவின் சரளைச் சாலைக் கையேடுகள் ஓர் அடிக்கு அரை அங்குலச் சரிவைச் சொல்கின்றன. கீழ்க்கரங்களின் செக் செயின் தளர்ந்திருந்தால் பெட்டி இருபுறமும் ஆடும். அகலத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: பின்சக்கரத் தடங்களை மூடுமளவு இருக்க வேண்டும்.

இவ்வளவு சரிசெய்தும் தரையில் அலை விழுவதுதான் பெட்டிப் பிளேடின் தீராத குறை. ஓட்டுநர் பிழை என்று பழி சொல்வது வழக்கம். உண்மையில் அது வெறும் நெம்புகோல் கணக்கு. அச்சிடைவெளி ஆறடி, பிளேடு பின்அச்சுக்கு நான்கடி பின்னே என்று கொள்வோம். முன்சக்கரம் மூன்று அங்குல மேட்டில் ஏறினால் பிளேடு இரண்டு அங்குலம் இறங்கிக் குழி வெட்டும். அந்தக் குழியில் சக்கரங்கள் விழும்போது அடுத்த மேடு பிறக்கும். பின்னால் நடந்தவனின் கை உடனுக்குடன் ஈடுகட்டியதைத் திருகிவைத்த இரும்புக் கம்பி ஈடுகட்டாது. பெட்டியில் கொஞ்சம் மண்ணை எப்போதும் வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவது, குறுக்கும் மூலைவிட்டமுமாகத் திசை மாற்றுவது, நீண்ட சறுக்குச்சட்டம் கொண்ட வேறு கருவிக்கு மாறுவது ஆகியவை கைகண்ட வழிகள்.

திருகுக்குப் பதில் ஹைட்ராலிக் டாப் லிங்க் வந்தபோது அந்தக் கை பாதியளவு திரும்பியது. இருக்கையில் அமர்ந்தபடியே ஓட்டத்தில் கோணத்தை மாற்றலாம். அடுத்த படி லேசர். இந்தியாவில் 2001இல் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அறிமுகமான லேசர் சமன்படுத்தி, உருவத்தில் பின்சக்கரம் வைத்த பெட்டிப் பிளேடேதான். வயலோரத்தில் முக்காலியில் சுழலும் லேசர் ஒரு கற்பனைத் தளத்தை விரிக்கும். பெட்டியின் கம்பத்தில் உள்ள ஏற்பி அதைப் பிடித்து, சிலிண்டரை ஏற்றவும் இறக்கவும் சொல்லும். டிராக்டர் குலுங்கினாலும் பிளேடு அந்தத் தளத்தைவிட்டு அதிகம் விலகாது. ஆழத்தைப் பற்றிக் கவலைப்படாமல், எந்த மேட்டில் அள்ளி எந்தப் பள்ளத்தில் கொட்டுவது என்று பார்த்து வண்டியைத் திருப்புவது மட்டுமே ஓட்டுநரின் பாடு.