ரௌத்திரம்

ஈப்போவிலுள்ள என் அண்ணன் மகன், சிங்கப்பூரில் 1992-ஆம் ஆண்டு தோன்றிய ‘ருத்ரா’ என்னும் ஹெவி மெட்டல் குழுவின் பரம ரசிகன், சமஸ்கிருத மந்திரங்களை இடிபோன்ற கிட்டாரோசையில் தோய்த்து அக்குழுவினர் 2005-இல் வெளியிட்ட ‘பிரம்மவித்யா’வை உரக்க வைத்துக்கொண்டு, “இதுதான் சித்தப்பா ரௌத்திரம்!” என்பான். ரௌத்திரமாவது ஓசைப் பெருக்கம் என்று அவன் கொண்ட பொருள் எனக்கு உடன்பாடன்று. ‘ருத்’ என்னும் வடமொழி வேருக்கு அழுதல், அலறுதல் என்று பொருள் கூறி, அதினின்று ருத்திரன் என்னும் நாமத்தை வருவிப்பது பழைய மரபு. ருத்திரனைச் சார்ந்தது ரௌத்திரமாகி, நாட்டிய சாஸ்திரத்தில் குரோதத்தை ஸ்தாயி என்னும் நிலையுணர்ச்சியாகக் கொண்ட ரசமாயிற்று. வேடிக்கை யாதெனில், அழுகையைக் குறிக்கும் ரோதனமும் அவ்வேரினதே; அது நம் பேச்சில் ‘ரோதனை’யாகித் தொல்லையென்னும் பொருளைப் பெற்றுவிட்டபடியால், பாட்டுக் கேட்டதும் “ஒரே ரோதனை!” என்று கதவைச் சாத்தும் அண்ணியாரும், தாம் அறியாமலே, அக்குழுவின் பெயருக்கு உறவான சொல்லையே உச்சரிக்கிறார். குரோதமாகிய அவ்வுணர்ச்சியைத் தொல்காப்பியர் வெகுளி என்றார். ஆயின் இன்று வெகுளி என்பது கபடமற்ற அப்பாவியைக் குறிப்பதால், ‘வெகுளி இசை’ என்றால் தாலாட்டென்று எண்ணிவிடுவார்கள். ஆகவே, அக்குழுவினர் மிடற்றைக் கரகரக்கச் செய்து பாடும் முறைக்கேனும் உறுமல் என்னும் சொல்லை நான் சிபாரிசு செய்வேன்: ரப்பர்த் தோட்டத்துக் கோயில்களில் வளைந்த குச்சியால் தோலை இழைத்து எழுப்பிய உறுமி மேளத்தின் நாதம், தைப்பூசத்தன்று ஈப்போக் கல்லுமலை அடிவாரத்தில் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. கிட்டாரைவிட அதற்கே கனம் அதிகம் என்பது என் அபிப்பிராயம், பையன் ஒப்பவில்லை.