கழகம் நிலைத்தால் ஆட்டம் நிலைக்கும்

பல நாட்டுக் கழகங்கள் ஒரே பருவத்தில் பொருதும் கூடைப்பந்துப் போட்டி ஐரோப்பாவில் 1958இல் தோன்றியது. முதல் மூன்று கோப்பைகளையும் ரீகா நகரத்துக் கழகமே வென்றது.

2000–01ஆம் பருவத்தில் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்துக்கும் பெருங்கழகங்களுக்கும் பூசல் மூண்டு, போட்டி இரண்டாகப் பிளந்தது. ஒன்றில் மக்காபி டெல் அவிவ், மற்றொன்றில் கிண்டர் போலோஞா என ஒரே ஆண்டில் இருவர் வாகை சூடினர். ஆயினும் அடுத்த பருவத்திலேயே போட்டி ஒன்றாயிற்று. காரணம் யாது? போட்டி உடைந்தாலும் கழகங்கள் உடையவில்லை. ரியல் மாட்ரிட்டின் கூடைப்பந்துப் பிரிவு 1931லேயே வேரூன்றியதன்றோ!

நம் பக்கமும் 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியது. 2016இல் மலேசியா டிராகன்ஸ், ஜொகூர் பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை மூன்றுக்கு இரண்டு என வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் மலேசியக் கழகமாயிற்று. ஆனால் 2020இல் பெருந்தொற்று வந்ததும் லீக் பாதியில் நின்றது.

ஒரு பருவத்தில் பட்டம் கிட்டலாம்; கழகம் வளரத் தலைமுறைகள் வேண்டும். நம் நாட்டில் இவ்விளையாட்டைப் பல்லாண்டு வளர்த்தவை சீனப் பள்ளிகளின் திடல்கள். செனாய் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளிலும் கூடைக் கம்பங்கள் நிமிர்ந்தால், நாளைய கழகங்களில் நம் பிள்ளைகளுக்கும் இடமுண்டு.